சப்து துத்துப்

யூத சமயம் தோன்றிய கதையைத் தமிழில் சொல்ல முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வர அவ்வளவு பெரிய காரணம்கூட வேண்டாம், ஆறிப்போன காப்பி போதும். ஆனாலும் இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாழ்நாளில் பாதியைப் பாளையங்கோட்டையில் பண்டைய வரலாறு நடத்துவதிலும் மீதியை அதையே தமிழில் எழுதுவதிலும் கழித்தவள் நான். முடியாது என்றால் இத்தனை நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேனாம்?

கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்த கஸ்தூரி, கார் நகர்ந்ததுமே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அவள் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதுவரை தொலைபேசியில் மட்டும்தான் பழக்கம். அவளும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து, மாதம் ஒரு கூட்டம், உலகச் சமயங்களின் பழைய வரலாறு, முழுக்கத் தமிழில் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. போகப்போக நாற்காலிகள் மிஞ்சத் தொடங்கின. போன மாதம் பேச்சு பாதியில் இருக்கும்போதே பாதி அரங்கம் எழுந்து பின்னால் வடை சாப்பிடப் போனது, போனது போனதுதான்.

குழுவின் தலைவர் சிவநேசன் இனி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் யூத சமயத்தின் தொடக்கம் பற்றி என் பேச்சு. அன்றைக்கும் ஆட்கள் எழுந்து போனால் அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் ஆங்கிலம்தான்.

“ஒரே ஒரு சான்ஸ் கேட்டு வாங்கியிருக்கேன் அக்கா. இதுவும் போச்சுன்னா நான் கமிட்டில இருந்து என்ன செய்யப் போறேன்? வெலகிடுவேன்” என்றாள் கஸ்தூரி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

ஒரு பேச்சு, மீதி நேரமெல்லாம் ஊர் சுற்றல் என்று நினைத்து நான் ஒரு தொப்பிகூட வாங்கி வந்திருந்தேன். அது பெட்டியிலேயே கிடந்தது.

*

மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு அறை போட்டிருந்தது பிரிக்பீல்ட்ஸில். வெளியூர் வந்த நினைப்பே வராத இடம் அது. தலைக்கு மேலே மோனோ ரயில் போகாவிட்டால் திருநெல்வேலி சன்னதித் தெரு என்று சத்தியம் பண்ணலாம். மாலைக் கடைகளில் மல்லிகை சரஞ்சரமாகத் தொங்குகிறது. பலகாரக் கடையில் முறுக்கு மலைபோல் குவிந்திருக்கிறது. ஒரு கடையில் பாட்டு அலறினால் பக்கத்துக் கடை அதைவிடச் சத்தமாக வேறு பாட்டை வைக்கிறது. இந்தப் போட்டி நம் ஊரிலிருந்தே கப்பல் ஏறியிருக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்தில் நுழைந்தேன். முதலாளியே கல்லாவை விட்டு எழுந்து வந்து என்ன வேண்டும் என்றார். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. தோசை என்றேன்.

“தோசை லேட்டாகும் அக்கா. நேத்து பூரா மழை, மாவு இன்னும் பொங்கல. அவசரமா போகணும்னா ரொட்டி சானாய் சாப்பிடுங்க, நம்ம பரோட்டா மாதிரி. அது புளிக்க வேண்டியதில்ல.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கை அப்படியே நின்றுவிட்டது. எகிப்திலிருந்து அடிமைகள் அவசரமாகக் கிளம்பினார்கள், பிசைந்த மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை, புளிக்காத மாவையே சுட்டுத் தின்றார்கள் என்பது யூத மரபு சொல்லும் கதை. அதன் நினைவாகத்தான் பஸ்கா பண்டிகையில் இன்றும் புளிக்காத ரொட்டி. கஸ்தூரியிடம் சிவநேசன் கேட்ட முதல் கேள்வியே ‘அன்லெவன்ட் பிரெட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வார் உங்கள் பேராசிரியை என்பதுதானாம். சொல்வதற்கு என்ன இருக்கிறது? ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். புளிப்பும் காத்திருப்பும் நமக்குத் தெரிந்த அளவுக்கு, கடையில் ரொட்டி வாங்கித் தின்கிறவர்களுக்குத் தெரியுமா?

ரொட்டியைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். அதில் நம்ம பேரெல்லாம் வருமா என்று கேட்டார். உங்கள் பேர் என்ன என்றேன். சுலைமான். வாப்பா பேர்? தாவூது.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் தே தாரிக் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தாவீதின் மகன் சாலொமோன், எருசலேமில் முதல் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் ராஜா, எனக்கு ரொட்டி கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதைச் சொன்னதும் அவரும் சிரித்தார். “பேரு மட்டும்தான் அக்கா ராஜா பேரு. மத்தபடி காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற ஆளு.”

எங்கள் கிறிஸ்தவ வீட்டில் நாங்கள் ஆபிரகாம் என்போம், அவர்கள் வீட்டில் இப்ராஹிம். இங்கே மோசே, அங்கே மூசா. யோசேப்பு, யூசுப். ஒரே ஆட்களுக்கு இரண்டு வரிசைப் பெயர்கள். இரண்டும் தமிழ் வாயில் தலைமுறை தலைமுறையாகப் பழகி வழவழப்பானவை. ஒரு பழங்கதையைச் சொல்ல இப்படி இரண்டு கதவு வைத்திருக்கும் மொழியில் முடியாது என்று ஒருவர் சொல்கிறார். ரொட்டி தொண்டையில் அடைக்காத குறைதான். சனிக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள் பாய் என்று அழைத்தேன். கடையில் ஆள் நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னார்.

அங்கிருந்து நேரே போனது ஒரு சலவைக் கடைக்கு. மேடையில் கட்டுவதற்கென்றே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்திருந்தேன். பெட்டியில் தொப்பிக்குக் கீழே கிடந்து அது நசுங்கிப்போயிருந்தது. கடைக்காரர் பெயர் முனியாண்டி. அறுபதை ஒட்டிய வயது, இரும்பு மாதிரிக் கை. புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல பட்டு என்றார். எனக்கு உடனே அவரைப் பிடித்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை ஈவினிங் வந்து எடுத்துக்குங்க அக்கா. சப்து துத்துப்.”

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. என் காதில் விழுந்தது ‘அப்பத் துட்டு’. எங்கள் ஊரில் காசைத் துட்டு என்போம். புடவையை வாங்கும்போது துட்டு கொடுத்தால் போதும் என்கிறார், பெருந்தன்மையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, “சரிண்ணே, அப்பவே தந்துருதேன்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாசலில் பலகை தொங்கியது. நான் அதைப் படிக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போய்க் கஸ்தூரியின் பள்ளியைப் பார்ப்பது, சாயங்காலத்துக்குள் திரும்பிப் புடவையை எடுப்பது என்று திட்டம். கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ஏறினேன், உட்கார்ந்தேன், குளிர்ச்சியில் தூங்கிவிட்டேன். நம் ஊர் ரயிலில் தூங்க விடமாட்டார்கள். சுண்டல் வரும், சுக்குக் காப்பி வரும், குறைந்தது ஒரு சண்டையாவது வரும். இங்கே ஆஸ்பத்திரி மாதிரி அமைதி.

விழித்தபோது எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் எங்கே போகிறீர்கள் என்று கையால் கேட்டாள். கிள்ளான் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம் மலாயில் ஏதோ சொன்னாள். இருவரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பெண்தான் அதை எனக்குச் சொன்னாள்: “இந்த ஆன்ட்டி கிழக்க வந்துட்டு மேற்கத் தேடுறாங்கன்னு சொல்றாங்க. அடுத்தது காஜாங்.”

காஜாங்கில் இறங்கிக் கஸ்தூரிக்குப் போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். வந்ததுதான் வந்தீர்கள், சாத்தே சாப்பிடாமல் திரும்பாதீர்கள் என்றாள். குச்சியில் கோத்துத் தணலில் வாட்டிய கோழிக்கறி, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு. நம் வேர்க்கடலைச் சட்னிக்குக் கொஞ்சம் வெல்லமும் நிறையக் காரமும் போட்டால் கிட்டே வரும். வழி தவறிய கவலையை மறக்கும் அளவுக்குச் சாப்பிட்டேன். கடலைக் குழம்பு முந்தானையிலும் சிந்தியது. எகிப்திலிருந்து கிளம்பி நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்தவர்களுக்கு இந்தக் குழம்பு கிடைத்திருந்தால் இன்னும் நாற்பது வருஷம் அலைந்திருப்பார்கள்.

திரும்பவும் ரயில் பிடித்துக் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விட்டிருந்தது. கஸ்தூரி வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே சிவநேசன் எனக்காகக் காத்திருந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவரோ என் பயணத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, தன் பேத்திகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்தான். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை கவிழ்ந்து போனைப் பார்க்கிறார்கள். அவருக்கு அது வலிக்கிறது. ஆங்கிலத்திலாவது கேட்கட்டுமே என்பது அவர் கட்சி. மனுஷன் எதிரியாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒண்ணு மட்டும் செய்யுங்க மேடம். அந்த மயில் விஷயத்தை மொதல்லயே சொல்லிடுங்க. நம்ம ஆளுங்க கை தட்டுவாங்க, உக்காந்திருப்பாங்க” என்றார்.

மயில் விஷயம் தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைச் சொல்லும் இடத்தில் ‘துக்கி’ என்று, மயில் எனப் பொருள் சொல்லப்படும் ஓர் எபிரேயச் சொல் வருகிறது. அது நம் ‘தோகை’ என்று சிலர் சொல்வார்கள். அப்படி இருக்கலாம். இல்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறுதியில்லாத ஒன்றை மேடையில் வாசலிலேயே கட்டி வைத்து ஆட விட எனக்கு மனமில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். கஸ்தூரி என்னைப் பார்க்காமல் தட்டில் இருந்த கேசரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்காகவாவது மயிலை ஒரு சுற்று ஆட விட்டிருக்கலாமோ என்று திரும்பி வரும்போது ரயிலில் நினைத்தேன். சலவைக் கடைக்குப் போக நேரம் தவறிவிட்டது. போகட்டும், காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

*

சனிக்கிழமை காலையில் போனேன். கடை பூட்டியிருந்தது. இன்னும் திறக்கவில்லை போல என்று ஒரு இளநீர் குடித்துவிட்டு வந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. பக்கத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் என் புடவை உள்ளே ஒரு கம்பியில் மடிப்புக் குலையாமல் அழகாகத் தொங்குகிறது. சிவநேசனுக்கு வேண்டிய மயிலும் எனக்கு வேண்டிய மயிலும் ஒன்றாகக் கைவிட்டுப் போன காலை அது. எனக்கு எப்படிக் கோபம் வந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. யாரைத் திட்டலாம் என்று பெயர் தேடித் தலையைத் தூக்கினேன். அப்போதுதான் பலகையைப் படித்தேன்.

KEDAI DOBI. கீழே, சிவப்பில், SABTU TUTUP.

துத்துப் என்றால் மூடியிருக்கும் என்பது இதற்குள் எனக்குத் தெரியும், பல கதவுகளில் பார்த்திருந்தேன். சப்து. இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எபிரேயத்தில் ஷப்பாத். நிறுத்து, ஓய்ந்திரு என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அது அரபியில் சப்த். அரபியிலிருந்து மலாய்க்கு வந்து சப்து, சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாளைப் பற்றிப் பேசக் கடல் தாண்டி வந்த பேராசிரியை, ஓய்வுநாளன்று பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கிறாள். அந்த வார்த்தையை அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நான் துட்டு தருகிறேன் என்றிருக்கிறேன்.

பிறகு மேல் வரியைப் பார்த்தேன். கெடாய். அது நம் கடை. தமிழ் வணிகர்கள் கொண்டுவந்து விட்டுப்போன சொல் மலாயில் கெடாய் ஆகி நிற்கிறது. டோபி வடக்கத்திய வார்த்தை. தமிழும் எபிரேயமும் தனித்தனிக் கப்பல் ஏறி, எத்தனையோ துறைமுகம் சுற்றி, ஒரு தகரப் பலகையில் மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி மேல்வரியும் கீழ்வரியுமாக வந்து சேர்ந்திருக்கின்றன. மயிலுக்குச் சாட்சி தேட வேண்டும். இதற்குச் சாட்சி தலைக்கு மேலே ஆணியடித்துத் தொங்குகிறது. நடுத்தெருவில் நின்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. புடவை கிடைக்காததால் அழுகிறேன் என்று எதிர்க் கடைக்காரர் நினைத்திருப்பார். பலகையைப் போனில் படம் பிடித்தேன்.

கஸ்தூரி வந்ததும் பலகையில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். முனியாண்டி செமினியில் மகள் வீட்டில் இருந்தார். வந்து திறந்து கொடுங்கள், இன்றைக்கு ஒரு நாள் என்று கெஞ்சினாள். போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். ஆளுங்ககிட்ட வேல பாத்த காலத்துல எனக்கு லீவே கெடையாது லா. பிள்ளைங்க வளந்தத நான் பாக்கல. சொந்தக் கடை போட்டன்னிக்கு மொத வேலயா அந்த போர்டத்தான் மாட்டினேன். அத நானே மீறினா நல்லா இருக்காது.”

கஸ்தூரி போனைக் கையால் மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள். வேண்டாம், வை என்றேன். இதற்கு மேல் கேட்டால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை.

*

ஆகவே மேடையில் ஏறியது காஜாங் கடலைக் குழம்புக் கறை படிந்த பருத்திப் புடவையோடு. கறை உள்ளே போகும்படி முந்தானையைச் செருகியிருந்தேன். அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சுலைமான் இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். சிவநேசன் பேத்திகள் இருவரையும் கூட்டிவந்திருந்தார், அவர்கள் கையில் போன். பின் வாசலில் வடைத் தட்டுகள் தயாராக இருந்தன. கஸ்தூரி அதற்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பதுபோல் நின்றாள்.

இது இன்றைய செய்தியைப் பற்றிய பேச்சல்ல, பழங்காலத்துக் கதை என்று அழைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டுத் திரையில் பலகையின் படத்தைப் போட்டேன். என் புடவை இதற்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அப்பத் துட்டுக் கதையைச் சொன்னதும் அரங்கம் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும், ஷப்பாத், சப்த், சப்து என்று மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சத்தம் அப்படியே நின்றது. ஒவ்வொரு வாரமும் வாயில் புழங்குகிற சொல்லுக்குள் இப்படி ஒரு பயணம் இருப்பதை அவர்கள் தங்களுக்குள் சொல்லிப் பார்ப்பது உதடுகளில் தெரிந்தது. பேத்திகளில் மூத்தவள் தலையைத் தூக்கினாள்.

பிறகு கதை தானாக நடந்தது. கானான் நாட்டு மலைச்சரிவில் சின்னச் சின்னக் கிராமங்கள், ஆடுகள், ஒலிவ மரங்கள். சுற்றியிருந்தவர்களின் சாமிகளையும் அவர்கள் கும்பிட்டிருக்கிறார்கள், ஒரே தெய்வம் என்பது ஒரே நாளில் வந்த முடிவல்ல. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டு ராஜ்யங்கள். வடக்கை அசீரியா விழுங்கியது. யூதாவைப் பாபிலோன் பிடித்து, கோயிலை எரித்து, மக்களில் ஒரு பகுதியை நாடு கடத்தியது. அந்த யூதாவிலிருந்துதான் யூதர் என்ற பெயர் வந்தது. நான் சாலொமோன் என்றபோதெல்லாம் இரண்டாவது வரிசையிலிருந்து மெதுவாகச் சுலைமான் என்று வந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு நானே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

பண்டமாரானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார். “எங்க எஸ்டேட்ட வித்தப்ப அம்மன லோரில ஏத்திக்கிட்டுத்தான் நாங்க வெளிய வந்தோம். அவங்க எதக் கொண்டு போனாங்க?”

இப்படி ஒரு கேள்வி என் வகுப்பில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர்களிடம் லாரியில் ஏற்ற ஒரு சிலைகூட இல்லை அம்மா என்றேன். அந்தக் காலத்தில் ஊர் தோற்றால் அந்த ஊர் சாமியும் தோற்றது என்றுதான் கணக்கு. இவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கதைகளைக் கொண்டுபோனார்கள், சட்டத்தைக் கொண்டுபோனார்கள், ஏழாம் நாளைக் கொண்டுபோனார்கள். ஓய்வுநாள் முன்பே இருந்தது. ஆனால் அது அவர்களுடைய பெரிய அடையாளமாக ஆனது அந்நிய மண்ணில்தான் என்று ஆய்வாளர்கள் பலர் எண்ணுகிறார்கள். கோயிலை எரிக்கலாம், ஒரு கிழமையை எரிக்க முடியுமா? நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் அன்று ஓய்ந்திருக்கட்டும் என்பது அவர்கள் சட்டம். இதைச் சொல்லும்போது எனக்குச் செமினியிலிருந்து வந்த குரல் கேட்டது. முனியாண்டி போனில் சொன்னதையும் சொன்னேன். அரங்கத்தில் பலர் தலை குனிந்தார்கள். அவர்கள் வீடுகளிலும் லீவே இல்லாத ஒருவர் இருந்திருப்பார்.

கடைசியாகச் சிவநேசனுக்கென்று வைத்திருந்ததை எடுத்தேன். நாடு கடத்தப்பட்டவர்களில் பலர் பின்னால் பாரசீகர் காலத்தில் எருசலேமுக்குத் திரும்பினார்கள். அதற்குள் வீட்டுப் பேச்சு அரமேயமாக மாறிக்கொண்டிருந்தது. பழைய சட்டம் எபிரேயத்தில் இருந்தது. ஒரு நாள் ஊர் வாசலில் ஆண், பெண் எல்லாரையும் கூட்டி, வேதபாரகர், அதாவது சட்டம் கற்ற அறிஞர் ஒருவர், சட்டத்தை வாசித்தார். கூட நின்றவர்கள் ஜனங்களுக்கு விளங்கும்படி அர்த்தம் சொன்னார்கள். மொழிபெயர்ப்பின் தொடக்கம் அதுதான் என்று யூத மரபு பெருமையோடு சொல்லும். கேட்டவர்கள் அழுதார்கள் என்றும் கதை சொல்கிறது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் அழுதார்கள் என்றேன். “இது புரியாத மொழியில் பேசி வளர்ந்த சமயம் இல்லை ஐயா. சந்தைக்குப் போகிறவளின் மொழியில் அர்த்தம் சொல்லி வளர்ந்த சமயம்.”

சிவநேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்வி நேரத்தில் அவரே எழுந்து மயிலைப் பற்றிக் கேட்டார். விடமாட்டார் போலிருக்கிறது. துக்கி தோகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றேன். ஆனால் கெடாய் நம் கடைதான், அதில் சந்தேகமில்லை. வெளியே போய் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் தலையைத் தூக்கிப் பாருங்கள். கை தட்டல் அப்போதுதான் வந்தது, மயில் இல்லாமலே.

நன்றியுரைக்கு வந்த சிவநேசன் பழக்கத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் போனார். நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அடுத்த மாசக் கூட்டம்” என்றார் தமிழில், “இதே எடத்துல. சப்து.” சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, “தமிழ்லதான்” என்றார்.

வாசலைப் பார்த்தேன். கஸ்தூரி இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வடைத் தட்டுகள் தொடப்படாமல் இருந்தன. பேச்சு முடியும்வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஆறிப்போன காப்பிக்கே கோபப்படுகிற நான், ஆறிப்போன அந்த வடையைப் போல ருசியாக எதையும் தின்றதில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தது. முனியாண்டி புடவையை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து வைத்தார். நேற்று தர முடியாமல் போனதற்கு மறுபடி மன்னிப்புக் கேட்டார். உங்கள் பலகையை நேற்று ஊரே பார்த்தது என்று சொன்னேன். அவருக்குக் கவலை வந்துவிட்டது, எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். சப்து என்ற சொல் எங்கே பிறந்தது என்று சொன்னேன்.

“அந்த ஆளுங்களும் சப்து மூடிருவாங்களா?”

“மூடிருவாங்கண்ணே. அவங்க ஆரம்பிச்சதுதான்.”

அவர் புடவையின் மடிப்பை ஒரு தடவை கையால் நீவினார். “அப்ப அவங்களும் எவங்கிட்டயோ லீவு இல்லாம வேல பாத்திருக்காங்க” என்றார்.

ஆமாம் என்றேன். அப்பத் துட்டு என்றபடி காசைக் கொடுத்தேன். என்ன சொல்கிறேன் என்று புரியாமல் அவரும் சிரித்தார்.

அன்று மாலை விமானத்துக்கு மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் போனேன். மூட்டை முடிச்சும் ஜீன்ஸுமாக நின்ற வரிசையில் நான் மட்டும் பளபளவென்று இருந்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த திருச்சிக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன், “நடத்தி வச்சிட்டுப் போறேன்.”